இரண்டாவது வெடி

முதல் வெடிச் சத்தம் கேட்டதும் அவள் சிலுவை இட்டுக்கொண்டாள்.

அது நுவாலாவுக்கு. அவளுடைய மகளுக்கு.

ரயில்வே கேட்டின் அருகே, மழையில் நனைந்த சரளைக்கற்களின் மீது அவள் நின்றிருந்தாள். ஒரு கையில் பச்சைக்கொடி. மறு கையில் சிவப்புக்கொடி. ஸ்டேஷன், சதுப்பு நிலத்துக்கு அப்பால் இரண்டு மைல் தொலைவில் இருந்தது.

அயர்லாந்தின் டோனகல் மலைகளுக்கிடையே ஓடிய அந்தக் கிளைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் ஏறும் வண்டிக்கு முன்னால், தண்டவாளத்தில் வெடி வைப்பார்கள். பனிமூட்டத்தில் டிரைவரை எச்சரிப்பதற்கென்று கொடுக்கப்பட்ட வெடி. போகிற ஆளுக்கு ஒன்று. சக்கரம் ஏறியதும் வெடிக்கும்.

வழியனுப்ப வர இயலாதவர்களுக்கும் கேட்க வேண்டும் அல்லவா.

அவளால் போக இயலவில்லை. வண்டி கடக்கும் நேரத்தில் கேட்காரி கேட்டை விட்டு நகரக் கூடாது. கணவர் காலமானபின் அவளுக்கு வந்த வேலை அது.

ஆகவே, தங்கையின் பெட்டியைச் சுமந்துகொண்டு மகன் ஃபின்டன் போயிருந்தான். ஏற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தான். இருவருக்கான உருளைக்கிழங்கு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

இன்று அந்த ஸ்டேஷனிலிருந்து கப்பலுக்குப் போகிறவள் நுவாலா ஒருத்திதான்.

இரண்டாவது வெடி கேட்டது.

மூன்றாவதும் வரும் என்று காத்திருந்தாள். போர்ட்டர் விளையாட்டாக ஒன்றிரண்டு கூடுதலாக வைத்திருக்கலாம்.

வரவில்லை.

காலையில் ஃபின்டன், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும் போடும் காலணிகளை அணிந்திருந்தான். தங்கைக்குச் செய்யும் மரியாதை என்று அவள் நினைத்திருந்தாள்.

சதுப்பு நிலத்தின் விளிம்பில் புகை தெரிந்தது.

டிரைவர் மக்கின்லி நேற்றே சொல்லியிருந்தார்.

"செவப்புக் கொடியக் காட்டுங்கம்மா. ஒரு நிமிஷம் நிறுத்துறேன், மகளக் கட்டிப்பிடிச்சுக்குங்க. மாடு குறுக்க வந்துச்சுன்னு எழுதிடுறேன். நம்ம ஊரு மாடுக என்னிக்கு விதியப் பாத்துச்சு?"

அவள் சிரித்து, சரி என்று தலையாட்டியிருந்தாள்.

சிவப்புக்கொடியின் கம்பு உள்ளங்கையில் வழுக்கியது.

வண்டி நின்றால் ஃபின்டன் தாயின் முகத்தைப் பார்ப்பான். பார்த்தால் இறங்கிவிடுவான். இறங்கி, இந்தக் கேட்டிலேயே கிழவனாவான்.

புகைக்கு அடியில் எஞ்சின் தெரிந்தது. அது வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது.

அவள் பச்சைக்கொடியை உயர்த்தினாள்.

மக்கின்லி எட்டிப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த கொடியை இன்னொரு முறை பார்த்தார்.

முதல் பெட்டியின் சன்னலில் நுவாலா. கையசைத்தாள். அவளுக்குப் பின்னால், காலணியின் கயிற்றைக் கட்டுபவனைப் போல ஒருவன் நன்றாகக் குனிந்திருந்தான். முதுகு மட்டுமே தெரிந்தது.

அந்தச் சட்டையைத் தைத்தவள் தாய்.

அந்த முதுகை நோக்கிக் கையசைத்தாள். வளைவில் வண்டி மறையும்வரை அசைத்துக்கொண்டிருந்தாள்.

சாலையில் ஒரு கரிவண்டிக்காரர் குதிரையோடு காத்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

கேட்டைத் திறக்கப் போனாள்.

தரையில் உரசும் கனத்த மரக்கதவு அது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவளும் ஃபின்டனும் சேர்ந்து தள்ளினால்தான் நகரும். இன்று விடியற்காலையில் அவன் அதன் கீல்களுக்கு அருகே மண்டியிட்டு, சுத்தியலும் எண்ணெயுமாக வெகுநேரம் இருந்தான். தங்கை புறப்படும் நாளில் இது என்ன வேலை என்று அவள் கடிந்துகொண்டாள்.

"சும்மாதாம்மா," என்றான். பிறகு தானே கேட்டைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

வழக்கம்போல் அவள் தோள் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினாள்.

கதவு சத்தமில்லாமல் தானே திறந்துகொண்டு போனது. அவள் விழாமலிருக்க அதையே பிடித்துக்கொண்டாள்.