கிளம்பிட்டாரு

படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்குத் துணையாக மகன் ஒரு பேசும் கருவியை வாங்கி வைத்தான்.

"அப்பா நான் எங்கன்னு கேட்டா, உங்களப் பார்க்கக் கிளம்பிட்டாருன்னு சொல்லிடு."

"அது பொய்யாச்சே" என்றது கருவி.

"மெஷினுக்கு ஏது பாவ புண்ணியம்?" என்று சிரித்துவிட்டு ஊருக்குப் போனான்.

கிழவர் தினமும் கேட்டார். கிடைத்த பதிலை நம்பி, தினமும் தலை வாரிக்கொண்டார். ஒருநாள் வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள், அறையைக் காலி செய்ய வந்த மகன் முதல் வேலையாகக் கருவியின் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தலையணையில் கிடந்த சீப்பை எடுத்துக் குப்பையில் எறிந்தான்.

முதுகுக்குப் பின்னால் கருவியின் குரல் கேட்டது. அது அவனிடம் பேசவில்லை. யாரோ கேட்டதற்குப் பதிலாக, வெறும் கட்டிலிடம் பேசியது.

"கிளம்பிட்டாருங்க ஐயா. இந்தத் தடவை பொய் இல்ல."