நில்லு சலோமி

"நில்லு சலோமி, சொன்னாக் கேளு புள்ள."

"நீங்க ஊட்டுக்குப் போங்க, நான் வரல."

புதுச்சத்திரம் ரோட்டில் ஓடும் மனைவியை தேவசகாயம் ஸ்கூட்டரில் துரத்த, ஏட்டு மைதிலி வண்டியை மறித்தார்.

"பொம்பளையத் துரத்தறியா?"

"என் சம்சாரமுங்க மேடம். காலு வீங்கியும் நிக்கமாட்டேங்கறா."

"உன்னை அடிச்சாராம்மா?"

"இல்லீங்க" என்றாள் சலோமி, நின்ற இடத்திலேயே குதித்தபடி. "முதியோர் இல்லத்துக்குக் கூரை போடப் பணம் சேக்க, நாமக்கல் வரைக்கும் அம்பது கிலோமீட்டர் ஓடறனுங்க. அஞ்சைத் தாண்டமாட்டேன்னு இவரு நெனச்சு, கிலோமீட்டருக்கு ஆயிரம் தர்றேன்னு சர்ச் மைக்குல சொல்லிப்போட்டாரு. இப்ப நாப்பத்திமூணு."

மைதிலி ஸ்கூட்டர் சாவியை உருவினார்.

"நீ ஓடும்மா. ஐயா, சாவிய நாமக்கல்லுல வாங்கிக்கங்க. ஓடியே வாங்க."

வாசகர்களே, தேவசகாயம் ஓடினால் கிலோமீட்டருக்கு நீங்கள் எவ்வளவு தருவீர்கள்? மறக்காமல் பதில் எழுதுங்கள்.