இருபது நிமிடப் பாட்டு

மலேசியாவின் சுங்கை வேயில் ஒரு கார் பட்டறையின் மேல்மாடி. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பட்டறை மூடும் நேரத்தில்தான் இந்தப் பங்க் ராக் குழுவால் பாட்டுப் பதிவு செய்ய முடிகிறது. இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பிரவின் வளைகுச்சியால் உரச, உறுமி கிட்டாரோடு மல்லுக்கட்டுகிறது. பாடும் அமுதவள்ளியின் கழுத்து நரம்பு புடைத்து, சன்னல் வெயிலில் வியர்வை மினுங்குகிறது. பாட்டு முடியுமுன் தொழுகை முடிந்து பட்டறை திறந்துவிட, கீழே இரும்பறுக்கும் மெஷின் அலறத் தொடங்குகிறது. ஆல்பத்தை வெளியிடும் சுகுமாறன் எழுந்து கையைத் தூக்குகிறார். "நிப்பாட்டுங்க லா! மொத ஆல்பத்துல எல்லாப் பாட்டையும் ரெண்டு நிமிஷத்துல முடிச்சீங்க. இதுக்கு மட்டும் என்னா இருபது நிமிஷம்?" யாரும் நிறுத்தவில்லை. அமுதவள்ளி பாடிக்கொண்டே சன்னலை அகலத் திறக்கிறாள். இன்னொரு மைக்கை எடுத்து, ஒயரைப் பிடித்து, அந்த அலறலை நோக்கிக் கீழே இறக்குகிறாள்.