மாப்பிள்ளை ஓட்டிய கப்பல்

“கடைக்குப் பூட்டு, கையில பொம்மை. நல்லா இருக்கு மாப்பிள்ளை!”

அறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார் மாமியார். அவன் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு விண்கலம் இருட்டில் மிதந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு விண்வெளி நிலையம். கலத்தின் மூக்கை இடிக்காமல் கொண்டுபோய் அந்த நிலையத்தின் வட்ட வாசலில் பொருத்த வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

“பொம்மை இல்ல அத்தை, ஜாய்ஸ்டிக். இதை வச்சுத்தான் கலத்தைத் திருப்பணும்.”

“எதுவா இருந்தா என்ன? பொண்டாட்டி அங்க ராப்பகல் தெரியாம வேலை பாக்குறா. நீங்க இங்க விடிஞ்சதுலேர்ந்து கப்பல் ஓட்டுறீங்க.”

அவனுக்கு மூக்குக் கண்ணாடி விற்கிற கடை. எள்ளளவு திருகாணியைக்கூட நடுங்காமல் முடுக்குகிற கை. இன்றைக்கு அந்தக் கை ஜாய்ஸ்டிக்கின் மேல் வேர்த்து வழுக்கியது. தொட்டு வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. எந்தப் பொத்தான் எதற்கு என்பதே மறந்துபோயிருந்தது. முன்னால் போக அழுத்தினால் கலம் பக்கவாட்டில் உருண்டது. பதறி நேராக்கினான். வேகத்தைக் குறைக்க மறந்துவிட்டான்.

டமார்! கலம் வாசல் விளிம்பில் மோதித் தூள் தூளானது. ‘மீண்டும் தொடங்கவா?’ என்றது திரை.

“போச்சா?”

“போச்சு.”

“எழுந்து வந்து ரெண்டு வாய் சாப்பிடுங்க. காலையில வச்ச காப்பி ஆடை கட்டி நிக்குது.”

“இந்த ஒரு தடவை மட்டும் அத்தை.”

“அப்பவும் இதையேதான் சொன்னீங்க.”

மாமியார் போனார். சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. கழுவி வைத்ததையே எடுத்து மறுபடி கழுவுகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அவனுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தான். தெருவில் யாரோ ஹாரன் அடிக்க, உடனே மூடினான். உட்கார்ந்ததும் மேஜைக்கடியில் கால் தானாக ஆடத் தொடங்கியது.

செல்போன் அதிர்ந்தது. பார்த்துவிட்டுத் துண்டித்தான்.

“யாரு? யாரு போன்ல?” ஈரக் கையோடு ஓடி வந்தார் மாமியார்.

“கடைக்கு வர்றவர். கண்ணாடி ரெடியான்னு கேப்பார்.”

“ஓ...” வந்ததற்குக் காரணம் வேண்டுமே என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். “இந்தப் பைத்தியமெல்லாம் கல்யாணத்தோட விட்டுதுன்னுல்ல நெனச்சேன்?”

“விட்டதே உங்க பொண்ணாலதான். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில இதோட முட்டி மோதிக்கிட்டு இருந்தேன். பல்லு தேய்ச்சுக்கிட்டே வந்தா. ‘தள்ளுங்க’ன்னா. வாயில பிரஷ்ஷு, ஒத்தைக் கையில இது. பூப் பறிக்கிற மாதிரி கொண்டுபோய்ச் சேர்த்துட்டா. அன்னைக்கு மூட்டை கட்டிப் பரண்ல போட்டதுதான்.”

மாமியாருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

“சின்ன வயசுலேர்ந்தே அவ அப்படித்தான். இந்த வேலை வேணாம்டின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? நீங்களாவது தடுத்திருக்கலாம்.”

“பெத்த உங்களாலேயே முடியல. கட்டிக்கிட்டவன் பேச்சையா கேக்கப்போறா?”

மறுபடியும் தொடங்கினான். இந்தத் தடவை மாமியார் போகவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். கலம் நிலையத்தை நோக்கி நத்தையாக நகர்ந்தது. வட்ட வாசல் பெரிதாகிக்கொண்டே வந்தது. திரையின் குறுக்குக் கோடுகள் ஏறக்குறைய நேராக நின்றன. அவன் திரையை நோக்கிக் குனிந்தான்.

“மெதுவா, மெதுவா...” என்றார் மாமியார், பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோல.

கட்டைவிரல் வழுக்கியது. டமார்!

“நிறுத்துங்க மாப்பிள்ளை!” மாமியார் எழுந்தேவிட்டார். “அது இடிக்க இடிக்க என்னால பாக்க முடியல.”

“விளையாட்டுதானே அத்தை.”

“விளையாட்டுன்னா உங்க கண்ணு எதுக்கு இப்படிச் செவந்து கிடக்குது?”

 அவன் விரல் ‘மீண்டும்’ பொத்தானைத் தேடியது.

“நான் போய் டீவியைப் போடறேன்.”

“வேண்டாம் அத்தை! கொஞ்சம் பொறுங்க. ஒரு தடவையாவது இடிக்காம சேர்த்துடறேன். அப்புறம் போடலாம்.”

“நீங்க சேர்க்கிற வரைக்கும் உலகம் காத்துக்கிட்டா இருக்கும்?”

அவர் ஹாலுக்குப் போனார். டீவியில் யாரோ பேசுவது கேட்டது. அது காதில் விழாமலிருக்க, அவன் கம்ப்யூட்டரின் சத்தத்தைக் கூட்டி வைத்தான். கலத்தைத் திருப்பினான். வேகத்தைக் குறைத்தான். கோடுகள் விலகின. திரும்பச் சேர்த்தான். வாசல் நெருங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம்...

“மாப்பிள்ளை!”

ஹாலிலிருந்து வந்த அலறலில் ஜாய்ஸ்டிக் கையிலிருந்து நழுவியது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவன் எழுந்து ஓடினான். ஓட்ட ஆளில்லாத கலம் அவன் முதுகுக்குப் பின்னால் மோதிச் சிதறுகிற சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமியார் இரண்டு கையையும் கூப்பியபடி நின்றிருந்தார். கன்னமெல்லாம் கண்ணீர்.

டீவியில், நிஜமான விண்வெளி நிலையத்தின் வட்டக் கதவு மெல்லத் திறந்தது. தானே ஓட்டிவந்து சேர்த்த கலத்திலிருந்து, முடி நாலா பக்கமும் பறக்க, சிரித்துக்கொண்டே மிதந்து உள்ளே வந்தாள் அவன் மனைவி.