விட்ட இடம்

ஓவியச் சாமான் கடையின் கண்ணாடி வழியே சாய்ந்து விழும் மாலை வெயிலில், திறந்த டப்பாவுக்குள் வண்ணக் கட்டிகள் மிட்டாய் போல மின்னுகின்றன. சுவருக்கு வெள்ளையடித்து அடித்தே தலையும் வெளுத்துப்போன பெயின்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் உட்கார்ந்து உயிரை வாங்குகிறாரே என்று அவரை இங்கே இழுத்து வந்தவள் மனைவிதான். “இதுல வெள்ளையே காணோமேம்மா?” என்கிறார். “வாட்டர்கலர்ல தாள்தான் சார் வெள்ளை. வெள்ளை வேணுங்கிற இடத்த அப்படியே விட்டுடணும்” என்கிறாள் கடைக்காரப் பெண். “விட்டுடறதா!” அவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. நகக்கண் அளவு விட்டுப்போனாலும் ஏணிக்குக் கீழே நின்று வீட்டுக்காரர்கள் போட்ட கூப்பாடு இன்னும் காதில் இருக்கிறது. டப்பாவை மூடப் போகிறார். “ஒரு தடவ அடிச்சுத்தான் பாருங்களேன்” என்று மனைவி முழங்கையால் இடிக்கிறாள். கடைக்காரப் பெண் சொரசொரப்பான துண்டுத் தாளையும் குவளைத் தண்ணீரையும் அவர் பக்கம் நகர்த்துகிறாள். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத பிரஷை நனைத்து, பழக்கதோஷத்தில் குவளை விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு, நீலக் கட்டியில் தேய்த்து, தாளில் மேலிருந்து கீழாக இழுக்கிறார். நீலம் ஈரத்தில் தானாகவே ஓடி, வெளிறி, வானமாகிறது. நடுவே கட்டைவிரல் அளவு இடத்தை மட்டும் பிரஷ் சுற்றிக்கொண்டு போகிறது. மனைவி எட்டிப் பார்த்து, அந்த வீட்டுக்காரர்களின் அதே குரலில், “அங்க ஒரு இடம் விட்டுப்போச்சு” என்கிறாள். அவர் நிமிராமல் சிரிக்கிறார். “மேகம்டி அது. விட்டுப்போகல, விட்டிருக்கேன்.”