340-ஆம் வரி

கணினிக்காரர்களுக்காக இருபத்தெட்டு வருடம் வந்த மாத இதழுக்கு மூடுவிழா. கடைசி இதழில் அதன் வரலாற்றை எழுத, ஆசிரியர் பழைய தொகுப்புகளைப் புரட்டினார்.

ஒன்பதாம் இதழின் கடைசிப் பக்கத்தில் கை நின்றது. அந்தக் காலத்தில் புரோகிராமை முழுசாக அச்சிடுவார்கள்; வாசகர்கள் வரி வரியாகத் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்ப்பார்கள். விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்று அந்தப் பக்கத்துப் புரோகிராமில் 340-ஆம் வரியை வெட்டச் சொன்னவர் இவர்தான். வரி விடுபட்ட புரோகிராமை நம்பித் தொழிற்சாலையில் ஓட்டிய ஒருவனுக்கு வேலை போனது. திருத்தம் போடச் சொல்லி அவன் மாதம் தவறாமல் எழுதினான். கடிதங்கள் குப்பைக்கூடைக்குப் போயின. ஆறாம் வருடம் அவனும் போய்ச் சேர்ந்தான்.

இப்போது அந்தப் பக்கத்தில் 340-ஆம் வரி இருந்தது. அதே பழுப்புத் தாள், அதே மங்கிய மை. விளம்பரமும் இருந்தது.

அன்று வரியை வெட்டிய பக்க வடிவமைப்பாளரைக் கூப்பிட்டார். "இதுக்கு எப்படிய்யா இடம் கிடைச்சுது?"

அவர் பக்கத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார். ஆசிரியர் பெயர் போடும் வரியைக் காணோம்.

மற்ற தொகுப்புகளையும் இழுத்துப் போட்டுப் பார்த்தார்கள். ஓர் இதழிலும் ஆசிரியர் பெயர் இல்லை.

"நான்தான் ஆசிரியர்னு இந்த இதழ்லயாவது ஒரு திருத்தம் போட்டுடுய்யா."

"திருத்தம் போட்டா பத்திரிகை மானம் போயிடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"