எட்டுப் படகும் ஒழுகுது

“இந்த எட்டுப் படகும் ஒழுகுது. இன்னிக்கு யாருக்கும் தர முடியாது.”

கடை வாசல்ல, அத்தனை கஸ்டமர் முன்னாடி இப்படிச் சொன்னது வேற யாரும் இல்ல, என் பொண்டாட்டி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

கடலோரத்துல கயாக், அதான் துடுப்பு வலிச்சுப் போற சின்னப் படகு, வாடகைக்கு விடற கடை எங்களோடது. சின்னக் கடைதான். ஆனா, ‘அவங்க படகுல நம்பி ஏறலாம்’னு ஒரு பேரு இருக்கு. அந்தப் பேருலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது. அதை அவளே தூக்கிக் கடல்ல போட்டா எப்படி இருக்கும்?

அதுவும் பச்சைப் பொய். முந்தின நாள் சாயங்காலம் எட்டையும் கழுவி, உள்ள இருந்த தண்ணியை வடியவிட்டு, அது வடியற துளைக்கெல்லாம் ரப்பர் தக்கையை அழுத்தி மாட்டினவன் நான். ஒரு சொட்டு இறங்காது.

வந்திருந்தது ஒரு குடும்பம். புதுசா கல்யாணமான ஜோடி, கூடவே பொண்ணோட அண்ணன் தம்பிங்க மூணு பேரு. மாப்பிள்ளை கொஞ்சம் வாட்டசாட்டம். சரி, உள்ளதைச் சொல்லிடறேன், நல்ல குண்டு. கடையில இருக்கறதுலயே பெரிய லைஃப் ஜாக்கெட்டைப் போட்டும் முன்பக்கக் கொக்கி எட்டல. என் பொண்டாட்டிதான் இன்னொரு வாரைச் சேர்த்துக் கோத்து மாட்டிவிட்டா.

மச்சினன்களுக்கு அதைப் பார்த்து ஒரே கும்மாளம். படகு தாங்குமா, கடல் தாங்குமான்னு ஆளுக்கொரு கிண்டல். மனுஷன் கூடச் சேர்ந்து சிரிச்சு வச்சாரு. புதுப்பொண்ணு மட்டும் மணலைப் பார்த்துக்கிட்டு நின்னா.

எல்லாருக்கும் மூடின படகுதான் வேணும், போட்டி வைக்கப் போறோம்னான் சின்ன மச்சினன். நடுவுல இருக்கற பொந்துக்குள்ள காலை நீட்டி, இடுப்பு வரைக்கும் இறங்கி உட்கார்ற படகு அது. அந்த எட்டும் இந்த ரகம்தான். மேல சும்மா உட்கார்ந்து போற திறந்த படகும் எங்ககிட்ட இருக்கு. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கல.

“மாமாதான் முதல்ல ஏறணும்”னு சொல்லிட்டு, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டான்.

நான் படகை இழுக்கப் போனா, இவ அதுக்குள்ள ஒரு துணியோட படகு வரிசைக்குள்ள புகுந்து துடைச்சுக்கிட்டிருக்கா. நேத்து துடைச்சதை இன்னிக்கு என்னத்துக்குத் துடைக்கிறான்னு நினைச்சேன். முடிச்சுட்டு வெளிய வந்துதான், எட்டும் ஒழுகுதுன்னு போட்டு உடைச்சா.

பெரிய மச்சினன் விடல. புதுசு மாதிரி மினுங்குது, எங்க ஒழுகுது, காட்டுங்கன்னு நின்னான்.

இவ ஒண்ணைக் கடலுக்கு இழுத்துட்டுப் போய் ஏறினா. கொஞ்ச தூரம் ஒரு சுத்து சுத்திட்டு வந்து, படகோட பின்னறையைத் திறந்து காட்டினா. உள்ள தண்ணி தளும்புது.

நானும் குனிஞ்சு பார்த்தேன், நிஜத் தண்ணிதான். அதோட விட்டாளா?

“நேத்து இவரைத்தான் பார்க்கச் சொன்னேன். பார்த்த லட்சணம் இதுதான்.”

அவ்வளவுதான். மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிச்சவங்க எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சாங்க. காத்துக்கிட்டிருந்த நாலு பேரு பக்கத்துக் கடையைப் பார்த்து நடையைக் கட்டினாங்க.

வேற வழியில்லாம அந்தக் குடும்பம் திறந்த படகுல போச்சு. மாப்பிள்ளை ஆடாம அசையாம உட்கார்ந்து துடுப்பு வலிச்சதை நீங்க பார்த்திருக்கணும். சின்ன மச்சினன் ரெண்டு தடவை தண்ணிக்குள்ள விழுந்து எழுந்தான். போட்டியில ஜெயிச்சது மாப்பிள்ளைதான். புதுப்பொண்ணு கையைத் தட்டிச் சிரிச்ச சத்தம் கடை வரைக்கும் கேட்டுச்சு.

கரைக்கு வந்ததும் அவருதான் அதிகமா குதிச்சாரு. கடைன்னா ஒரு பொறுப்பு வேணாமா, அந்தப் படகைக் கொடுத்திருந்தா இன்னும் வேகமாப் போயிருப்பேனேன்னு, பொண்டாட்டி பக்கத்துல நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுச் சத்தம். இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தப்புதாங்க, அடுத்த தடவை சரியா வச்சிருக்கோம்னு சொல்லி அனுப்பினா.

அவங்க தலை மறைஞ்சதும் நான் பிடிச்சுக்கிட்டேன். கடைப் பேரு போச்சு, என் மானம் போச்சுன்னு கத்தித் தீர்த்தேன். அவ ஜாக்கெட்டை எல்லாம் உதறி உதறிக் கொடியில போட்டுக்கிட்டே இருந்தா.

“அந்தப் பொந்துக்குள்ள அவரால இறங்க முடியாதுங்க. பாதியில மாட்டிக்குவாரு. அதை வீடியோ பிடிக்கத்தான் அந்தப் பையன் போனைத் தூக்கி வச்சிருந்தான்.”

“அப்ப அவருக்கு மட்டும் திறந்த படகைக் கொடுத்திருக்கலாமே?”

“அதுக்கும் ஒரு சிரிப்பு சிரிப்பாங்க.”

“அதுக்கு நான்தானா கிடைச்சேன்?”

“உங்க கோபம் ஒரு டீயில போயிடும். அந்த வீடியோவை அவங்க ஆயுசுக்கும் போட்டுப் பார்ப்பாங்க. அந்தப் பொண்ணையும் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு.”

யாரோ எவரோ, இனிமே இந்தப் பக்கம் வருவாரோ மாட்டாரோ. அவருக்காகத் தன் கடையைத் தானே திட்டிக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு மட்டும் உறுத்துச்சு.

“எல்லாம் சரி. தண்ணி எப்படி உள்ள வந்துச்சு? நான் நல்லாத்தானே மாட்டினேன்?”

அவ பாக்கெட்டுக்குள்ள கையை விட்டு, எட்டு ரப்பர் தக்கையையும் என் உள்ளங்கையில கொட்டினா.

“நல்லாத்தான் மாட்டியிருந்தீங்க. பிடுங்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு நகம் போச்சு.”